எதிரி இல்லாத களரி

பெசன்ட் நகரில், எலியட்ஸ் கடற்கரைச் சாலையில், வேப்ப மரங்களுக்கு நடுவே ‘ஸ்பேசஸ்’ என்ற வளாகம் இருக்கிறது. மார்கழி வந்தால் மயிலாப்பூருக்கும் தி. நகருக்கும் சபா சபாவாக அலைகிற ரசிகர்களில் எத்தனை பேர் இதன் வாசல் தாண்டி உள்ளே போயிருப்பார்கள் என்று தெரியாது. நடனக் கலைஞர் சந்திரலேகா வாழ்ந்த இடம் அது. நரைத்த கூந்தலும் பெரிய பொட்டும் மை தீட்டிய கண்ணுமாக அவரைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பரதநாட்டியத்தையும் கேரளத்துத் தற்காப்புக் கலையான களரிப்பயட்டையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். களரியிலிருந்து அவர் எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டுவிட்டார் என்று பார்த்தால் நயமான சில விஷயங்கள் அகப்படுகின்றன.

முதலில் களரியையே கொஞ்சம் பார்க்கலாம். வட கேரள மரபில் பயிற்சிக் கூடம் தரைமட்டத்துக்குக் கீழே வெட்டப்பட்டிருக்கும். நீளம் 42 அடி, அகலம் 21 அடி. தென்மேற்கு மூலையில் ஏழு படிகளாக ‘பூத்தறை’ என்ற வழிபாட்டு மேடை. உள்ளே போகிறவர் குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்ட பிறகுதான் மற்றதெல்லாம். கையில் ஆயுதம் கிடைக்க வெகுநாள் ஆகும். அதற்கு முன் உடம்பு யானையாக, சிங்கமாக, குதிரையாக, பன்றியாக, பாம்பாக, பூனையாக, சேவலாக, மயிலாக நிற்கப் பழக வேண்டும். இவற்றை வடிவு என்கிறார்கள். இந்தப் பட்டியலில் பூனைக்கும் பன்றிக்கும் இடம் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. வீரம் என்றதும் சிங்கத்தோடு நின்றுவிடுகிற கற்பனை இல்லை இது. தரையோடு தாழ்ந்து முட்டுவதற்கும் ஓசையில்லாமல் விலகுவதற்கும் சம மரியாதை.

இதைவிட நயமானது பாடங்களின் வரிசை. உடற்பயிற்சிக்குப் பின் மரக்கோல்கள் வரும். அதற்குப் பின் வாள், கேடயம், உறுமி என்கிற சுருள்வாள் போன்ற இரும்பு ஆயுதங்கள். வெறுங்கைப் போர் கடைசியில்தான். நம்மைக் கேட்டால் தலைகீழாக அடுக்கியிருப்போம்: வெறுங்கை எளிது, அதில் தொடங்கி வாளில் முடிப்போம் என்று. களரி ஆசான்கள் வேறு கணக்குப் போட்டிருக்கிறார்கள். கோல் இருக்கும்போது கோலை நம்பலாம், வாள் இருக்கும்போது வாளை நம்பலாம். எதுவும் இல்லாமல் ஆயுதத்துக்கு எதிரே நிற்பதுதான் உச்சப் பாடம். நோய், பிரிவு, வேலை போவது எல்லாம் நம்மிடம் இப்படித்தானே வந்து நிற்கின்றன? கையில் ஒன்றும் இல்லாத நேரம் பார்த்து.

சந்திரலேகா இந்தப் பாடத்தை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். ஆயுதத்தை மட்டுமல்ல, எதிரியையும் எடுத்துவிட்டார். 1985இல் அவர் உருவாக்கிய ‘அங்கிகா’வில் பரதக் கலைஞர்களும் களரி வீரர்களும் ஒரே மேடையில் நின்றார்கள். அரைமண்டியில் மடங்கும் முழங்காலும் களரி வடிவில் தாழும் இடுப்பும் ஒரே நிலத்தில் முளைத்தவை என்பது அவர் கட்சி. அதை அவர் வாதாடி நிறுவவில்லை, அருகருகே வைத்துக் காட்டினார். இருவருக்கும் பாரம் கீழே இறங்குகிறது. இருவரும் பூமியை உதறிக்கொண்டு எழ முயல்வதில்லை. அதில் உட்கார்ந்துகொண்டு நிமிர்கிறார்கள்.

அவர் இங்கே வந்து சேர்ந்த வழியும் கவனிக்கத் தக்கது. 1952இல் அவருடைய அரங்கேற்றம் ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக நடந்தது. யமுனையின் நீர்ப்பெருக்கை அபிநயித்துக்கொண்டிருந்தபோது, வெளியே தண்ணீருக்குத் தவிக்கும் மக்களின் நினைவு வந்து நிலைகுலைந்ததாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அழகாக ஆடத் தெரிந்த உடம்பு, துயரத்தின் எதிரே எப்படி நிற்பது என்று தெரியாமல் தவித்த கணம் அது. களரியில் அவருக்குக் கிடைத்தது அந்த நிற்கும் முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

1991இல் வந்த ‘ஸ்ரீ’யில் ஒரு பகுதி. பெண்கள் இடுப்பில் மடிந்து, முதுகு வளைந்தபடியே மேடையைக் கடக்கிறார்கள். முகத்தில் சோகம் காட்டுவதில்லை, கண்ணீர் இல்லை, கையை நீட்டி முறையிடுவதும் இல்லை. ஒடிந்த முதுகும் அதைச் சுமந்து நகரும் கால்களும்தான். நகர்ந்து பார்த்தால் தெரியும், எவ்வளவு கடினம் என்று. களரியிலும் யோகத்திலும் பழகிய தொடை இல்லாவிட்டால் இந்தக் காட்சி நடிப்பாகச் சுருங்கிப்போயிருக்கும். சுமை நிஜமாக இருப்பதால்தான் பின்னால் முதுகெலும்பு நிமிரும்போது நமக்கும் மூச்சு வருகிறது. படைப்பின் முடிவில் பெண்ணுடல் பல கரங்கள் கொண்டதாக எழுகிறது. எனக்கோ அந்தத் தேவி வடிவத்தைவிட, வளைந்த நடையே பெரிது. அடிபட்டதை மறைக்காமல் அடுத்த அடி வைப்பதைப் பார்க்கிறோம் அங்கே.

‘ஷரீரா’ 2001இல் உருவானது. அதுவே அவருடைய கடைசிப் படைப்பு. குந்தேச்சா சகோதரர்களின் துருபத் இசை. மேடையில் இரண்டே பேர். ஒருவர் ஷாஜி ஜான், களரி வீரர். இன்னொருவர் சென்னையில் பிறந்த கவிஞர் திஷானி தோஷி. நாட்டியப் பின்னணி இல்லாதவர். கால் ஒன்று மடங்கி விரிந்து ஒரு முக்கோணம் ஆவதற்குள் பார்ப்பவர் தன் பொறுமையின் எல்லையைத் தொட்டுவிடுவார். வேகத்துக்குப் பேர்போன கலையை இப்படி மெதுவாக்கினால் உள்ளே இருப்பது தெரிந்துவிடுகிறது: தசையின் நடுக்கம், அந்த நடுக்கத்தோடு சண்டை போடாமல் மூச்சை அதன் போக்கில் விடுவது. வலியை வெல்லச் சொல்கிற வீரத்தை நாம் நிறையப் பார்த்தாயிற்று. வலிக்குப் பக்கத்தில் இடம் போட்டு உட்காரும் வீரம் இது.

இது நடனமே இல்லை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. சில இடங்களில் நேரம் இழுப்பது உண்மைதான். சபாக் கச்சேரியில் துக்கடா வருமா என்று காத்திருக்கும் மனசுக்கு இது தாங்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தற்காப்புக் கலையைத் தன்னம்பிக்கை மாத்திரையாக விற்கும் விளம்பரங்கள் நகரத்துச் சுவர்களில் இப்போது அதிகம். மூன்றே மாதத்தில் பயம் போகும் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். களரி அப்படி எதையும் வாக்களிப்பதில்லை. குனி, மண்ணைத் தொடு, தாழ்ந்து நில் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. சந்திரலேகாவின் படைப்புகளும் ஆறுதல் சொல்ல வந்தவையல்ல, அதனால்தான் அவற்றை நம்ப முடிகிறது.

அவர் 2006 டிசம்பர் 30 அன்று காலமானார். ‘ஷரீரா’ அதன் பிறகும் பல ஆண்டுகள், அதே இரண்டு பேரின் உடலில், உலக மேடைகளில் நிகழ்ந்தது.