ஒட்டுப்போட்ட நிரல்கள்

மாதத்தின் முதல் 12 நாட்களில் மட்டும் விற்பனைக் கணக்கு உதைக்கும். 13ஆம் தேதி வந்தால் தானாகவே சரியாகிவிடும். விபி 6 மொழியில் எழுதப்பட்டு, அக்சஸ் கோப்பில் தகவலைச் சேமிக்கும் பழைய பில்லிங் மென்பொருள்களைப் பராமரித்தவர்களுக்கு இந்த விநோதம் புதிதல்ல. அக்சஸுக்குள் இருக்கும் ஜெட் என்ற தரவு இயந்திரம், வினவலில் எழுதிய தேதியை அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் வைத்தே படிக்கும். ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்த 01/07/2017 அதற்கு ஜனவரி 7 ஆகிவிடும். 13/07/2017 என்று கொடுத்தால், 13ஆவது மாதம் கிடையாது என்பதால் தானே புரட்டிப் படித்து ஜூலை 13 என்று எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது.

இதைச் சரிசெய்ய வரும் கணினி ஆள் என்ன செய்வார்? கன்ட்ரோல் பேனலைத் திறந்து, தேதியின் வடிவத்தை அமெரிக்க முறைக்கு மாற்றிவிடுவார். கணக்கு அப்போதே நேராகும், கடைக்காரரும் நிம்மதியாவார். இரண்டு ஆண்டு கழித்து புதுக் கணினி வாங்கி, மென்பொருளை அதில் ஏற்றும்போது அதே கோளாறு திரும்ப வரும். அன்றைக்குக் காரணம் யாருக்கும் நினைவிருக்காது. நிரலில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதியிருந்தால், அல்லது வினவலுக்குத் தேதியை அளபுருவாக அனுப்பியிருந்தால், எந்தக் கணினியிலும் இந்தச் சிக்கல் தலைகாட்டியிருக்காது. திருத்த வேண்டியது ஒரே வரிதான். அந்த வரியைத் தேடாமல் கணினியின் அமைப்பை மாற்றியதைத்தான் ஒட்டுப்போடுதல் என்கிறோம்.

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் மேசைக்கணினி மென்பொருள் உயிரோடு இருப்பதே இந்த ஒட்டுகளால்தான். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் புதுச்சேரிச் சாலை பிரியும் இடம் திண்டிவனம். ரயில் பாதைகள் கூடும் சந்திப்பு விழுப்புரம். அரிசி மண்டி, உரக்கடை, மருந்துக்கடை, இரும்புக்கடை என்று வணிகம் சார்ந்த ஊர்கள் இவை. இத்தகைய கடைகளுக்குப் பெருநிறுவன மென்பொருள் ஒத்துவராதபோது, உள்ளூரில் தனியாக இயங்கும் நிரலாளர் எழுதிக் கொடுப்பதே வழி. திட்ட வரைவு, சோதனைக் குழு, பராமரிப்புப் பிரிவு எதற்கும் அங்கே காசு கிடையாது. வாடிக்கையாளர் வரிசையில் நிற்க, கல்லாவின் எதிரே உட்கார்ந்து பிழையைத் தீர்க்க வேண்டும்.

அந்த வேலையில் ஒரு பெருமை இருக்கிறது. அதை மறுப்பது நியாயமல்ல. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டை என்றால் 75 கிலோ, மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை மூட்டை என்றால் 80 கிலோ, உளுந்து மூட்டை என்றால் 100 கிலோ என்று கணக்கிடுவது வழக்கம். வெளியூரில் எழுதிய மென்பொருள் ‘மூட்டை’ என்ற ஒரே அலகை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கும். மல்லாட்டை வியாபாரம் பார்த்து வளர்ந்த உள்ளூர் நிரலாளருக்கு அந்தத் தவறு வராது. பயன்படுத்துபவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தடுமாறும் இடத்தைக் கண்ணால் பார்த்துத் திருத்துவதைப் பெருநகர நிறுவனங்கள் தனிப் பயிற்சி வைத்துச் சொல்லித்தருகின்றன. இங்கே அது அன்றாடம் நடக்கிறது. 2017 ஜூலையில் வாட் போய் ஜிஎஸ்டி வந்தபோது, மாநில வரி, மத்திய வரி என்று இரண்டாகப் பிரித்து பில் போட வேண்டியிருந்தது. தேசத்தின் வரி முறையே மாறிய அந்த நாட்களில் சிறு கடைகளின் கணினி நிற்காமல் ஓட வேகமான கைவேலை தேவைப்பட்டது. அந்த வேகத்தை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

ஆனால் அதே திருத்தத்திற்குள் ஒரு பொறி ஒளிந்திருந்தது. 500 ரூபாய்ச் சரக்குக்கு 5 சதவீத வரி என்றால் மத்திய வரி 12.50, மாநில வரி 12.50. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170ஆம் பிரிவு, 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த முழு ரூபாயாக்கச் சொல்கிறது; எனவே 13. விபி 6இன் ரவுண்ட் என்ற செயற்கூறோ, சரிபாதி வரும்போது அருகிலுள்ள இரட்டை எண்ணுக்கு நகரும், எனவே 12. அதே மொழியின் ஃபார்மட் என்ற செயற்கூறு 13 என்று காட்டும். ஒரு நிரலாளர் அச்சிடும் இடத்தில் ஃபார்மட்டும், சேமிக்கும் இடத்தில் ரவுண்டும் எழுதிவிட்டால், பில்லில் ஒரு தொகையும் கோப்பில் வேறொரு தொகையும் இருக்கும். 13.50க்கு இரண்டுமே 14 என்று தருவதால், சோதித்துப் பார்க்கும் ஓரிரு எண்களில் பிழை சிக்காமலே போகலாம்.

ரவுண்டின் இந்தப் போக்கு மொழியின் குறையல்ல. ஏராளமான தொகைகளைக் கூட்டும்போது ஒரே பக்கம் சாயாமல் இருக்கக் கணக்கியலாளர்கள் கையாளும் பழைய முறை அது. குறை, ஒரு துண்டு நிரலை எடுத்து ஒட்டும்போது அது எந்த விதியின்படி நடக்கிறது என்று பார்க்காததில் இருக்கிறது. வரி விகிதங்களை நிரலின் உடலுக்குள்ளேயே எண்ணாக எழுதிவைத்தவர்களுக்கு 2025 செப்டம்பர் 22 இன்னொரு பாடம். 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருள்கள் அன்று வேறு விகிதத்துக்கு நகர்ந்தன. விகிதத்தைத் தேதியோடு சேர்த்துத் தனி அட்டவணையில் வைத்திருந்த மென்பொருளில் சில வரிகளைச் சேர்த்தால் போதும். மற்றவற்றில் 12ஐத் தேடித் தேடி மாற்ற வேண்டும். அதில் பழைய பில்களைக் காட்டும் பகுதியும் மாறிவிடும் ஆபத்து உண்டு.

எல்லா ஒட்டுகளிலும் மோசமானது ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ என்ற ஒற்றை வரி. பிழை நேர்ந்தால் அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த வரிக்குப் போ என்பது அதன் ஆணை. இருக்கிறதா என்று தெரியாத ஒரு கோப்பை அழிக்கும்போது, அந்த ஒரு வரிக்கு மட்டும் வைத்தால் அது பயனுள்ள கருவி. ஆனால் கடைக்காரரின் திரையில் ஆங்கிலத்தில் பிழைப் பெட்டி வந்து அவரைக் கலங்கடிக்கிறது என்பதற்காக, ஒவ்வொரு செயற்கூறின் தலையிலும் அதை எழுதிவைக்கும் பழக்கம் பரவியது. அக்சஸ் கோப்பின் உச்ச அளவு 2 ஜிபி. ஆண்டுக்கணக்கில் பில்கள் சேர்ந்து அந்த எல்லையை எட்டினால், சேமிக்கும் வரி தோற்றுப்போகும். பிழையை விழுங்கும் ஆணை இருப்பதால் நிரல் அடுத்த வரிக்குப் போய் பில்லை அச்சிட்டுவிடும். வாடிக்கையாளர் கையில் பில் இருக்கும். கோப்பில் விற்பனையே இருக்காது.

சிற்றூர் நிரலாளர்களை மட்டும் குறைசொல்ல இடமில்லை. 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் இதே குடும்பத்துப் பிழை நடந்தது. கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்துக்கு மாற்றினார்கள். அந்த வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சத்தமில்லாமல் உதிர்ந்தன. 15,841 தொற்றுகள் அன்றாட எண்ணிக்கையில் சேராமல் போயின. அவர்களுடன் தொடர்பில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போவதும் தாமதமானது. எல்லை தாண்டிய கணத்தில் நிரல் கூச்சலிட்டு நின்றிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்கள்.

‘சிஸ்டம் ஹேங் ஆகுது’ என்பது கடைத்தெருவின் இன்னொரு நிரந்தரப் புகார். மாத அறிக்கை எடுக்கும்போது சாளரம் வெளுத்து, தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வரும். மென்பொருளின் திரையைக் கவனிக்கும் இழையே அறிக்கையையும் தயாரித்துக்கொண்டிருப்பதால், ஐந்து விநாடிக்கு மேல் விண்டோஸ் அனுப்பும் செய்திகளுக்குப் பதில் இல்லாமல் போகிறது. கண்ணியின் நடுவே ‘டூஈவென்ட்ஸ்’ என்று ஒரு சொல்லைச் செருகுவது வழக்கமான தீர்வு. திரை உயிர் பெறும். கூடவே பொத்தான்களும் உயிர் பெறும். சேமிக்கும் வேலை முடியுமுன் பொறுமையிழந்தவர் மறுபடி அழுத்தினால் அதே செயற்கூறு இரண்டாம் முறை தொடங்கி, ஒரே விற்பனைக்கு இரண்டு பில் எண்கள் விழும். ஜிஎஸ்டி விதி 46 பில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், நிதியாண்டுக்குள் ஒரே எண் மறுபடி வரக்கூடாது என்கிறது. இப்போது இந்த இரண்டாவது பில்லை அழித்தால் வரிசையில் ஓட்டை. விட்டுவைத்தால் இல்லாத விற்பனைக்கு வரி. வேலை தொடங்கியதும் பொத்தானை முடக்கிவிட்டு, முடிந்ததும் திறந்துவிட்டிருந்தால் போதும். இன்றைய மொழிகளில் அறிக்கையைப் பின்னணி இழைக்குத் தள்ளுவது இன்னும் நல்லது.

தமிழை எப்படிக் கையாண்டார்கள் என்பதில்தான் இந்தப் பழக்கத்தின் முழுக் கணக்கும் தெரியும். விபி 6 வந்தது 1998இல். விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு ஒருங்குறித் தமிழைக் காட்டத் தொடங்கியது. ஆனால் விபி 6இன் பெட்டிகளும் பொத்தான்களும் பழைய 8 பிட் குறியீட்டுப் பக்கங்களை நம்பியவை. விண்டோஸில் தமிழுக்கென்று அப்படியொரு பக்கமே இல்லை. ஒருங்குறித் தமிழை அந்தப் பெட்டியில் போட்டால் கேள்விக்குறிகள்தான் தெரியும். எனவே பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களை வைத்து ஒட்டுப்போட்டார்கள். கணினிக்கு அது ஆங்கில எழுத்து. கண்ணுக்கு மட்டும் தமிழ். பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும்தான் கிடக்கும்.

இந்த ஒட்டு இல்லையென்றால் அந்த ஆண்டுகளில் தமிழில் பில்லும் ரசீதும் அச்சாகியிருக்காது. தட்டச்சகங்களும் அச்சகங்களும் சங்கங்களும் தாய்மொழியில் கணினியைப் பயன்படுத்த முடிந்தது இதனால்தான். விலையோ பெரிது. வாடிக்கையாளர் பெயர்களை வரிசைப்படுத்தினால் ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கும். பட்டியலைக் கைப்பேசிக்கு அனுப்பினால் புரியாத குப்பையாகப் போய்ச் சேரும். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 என்ற குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகளும் பழைய எழுத்துருக் கோப்புகளை மாற்றித்தரக் கிடைத்தன. ஆனால் எந்தப் புலத்தில் எந்த எழுத்துரு, எங்கே நிஜ ஆங்கிலம், எங்கே ஆங்கில வேடமிட்ட தமிழ் என்று குறித்துவைக்காத கோப்பை எந்தக் கருவியாலும் முழுதாக மீட்க முடியாது.

ஒருங்குறிக்கு வந்தபிறகும் வேலை முடிந்துவிடவில்லை. ‘விழுப்புரம்’ மனிதக் கண்ணுக்கு 6 எழுத்து. கணினிக்கு 11 குறியீடுகள். ‘திண்டிவனம்’ 6 எழுத்து, 10 குறியீடுகள். 58 மி.மீ. ரசீதுத் தாளில் வழக்கமாக வரிக்கு 32 எழுத்து. ஊர்ப்பெயரின் நீளத்தைக் கணினியிடம் கேட்டு, மீதிக்கு வெற்றிடம் நிரப்பும் நிரல், விழுப்புரத்துக்கு ஐந்து இடங்களைக் குறைத்துவிடும். விலைப் பத்தி கோணலாகும். உடனே ஐந்து வெற்றிடம் கூடுதலாகச் சேர்ப்பது ஒட்டு. அது அடுத்த ஊர்ப்பெயருக்குப் பொருந்தாது. முத்து அண்ணாமலை முன்னின்று உருவாக்கிய ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். அதுவும் போதாது, ‘ணை’யும் ‘ர’வும் ஒரே அகலமல்ல. எழுத்துருவில் சொல்லின் அகலத்தை அளந்து வரைவதே சரி.

‘கோலியனூர்’ என்ற ஊர்ப்பெயர் இன்னும் நுட்பமானது. அதன் முதல் எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறியும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது. ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. ‘தேடல் வேலை செய்யவில்லை’ என்று புகார் வந்து, வாடிக்கையாளரை மறுபடி புதிதாகப் பதிவுசெய்தால், ஒரே ஆளுக்கு இரண்டு பற்றுக் கணக்கு. சேமிக்கும் முன் ஒருங்குறி சொல்லும் இயல்பாக்கத்தைச் செய்துவிட்டால் இந்தப் பிழைக்கு இடமேயில்லை.

ஆக, இவ்வூர்களின் கைவைத்தியத்தில் பழிக்க வேண்டியது வேகத்தையோ, பிறர் நிரலை எடுத்தாள்வதையோ அல்ல. பிழையைப் பேசவிடாமல் செய்வதும், செய்த மாற்றத்தை எங்கும் எழுதிவைக்காததும்தான் அதன் குற்றங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் நிரல் தரும் இன்று இந்தக் குற்றங்கள் இன்னும் எளிதாகிவிட்டன. கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறது. கேட்கத் தெரியாத மூட்டைக் கணக்கும் கோலியனூரும் அதில் வருவதில்லை.

திருத்துவதற்கான ஆட்கள் உள்ளூரிலேயே இருக்கிறார்கள். விழுப்புரம், திண்டிவனம் இரண்டிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளையும் நிரலாக்கத்தையும் சொல்லித்தருகிறது. நூலக மேலாண்மை, மாணவர் பதிவேடு என்ற பழைய செயல்திட்டங்களுக்குப் பதிலாக, ஒரு மண்டியின் பில்லிங் மென்பொருளை எடுத்து ஜூலை 5, ஜூலை 25 ஆகிய தேதிகளை உள்ளிட்டுப் பார்க்கச் சொல்லலாம். சேமிக்கும் நடுவில் மின்சாரத்தைத் துண்டித்துப் பார்க்கச் சொல்லலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. கொட்டி, மாவட்டத்தின் பல பகுதிகள் மின்சாரமின்றிக் கிடந்த பின்னர், இது வெறும் பாடப்பயிற்சி அல்ல.

கடைக்காரர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. விபி 6 எழுதுகருவிக்கு மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. அதில் எழுதிய மென்பொருள்கள் விண்டோஸ் 11இலும் ஓடுகின்றன என்பதால் யாருக்கும் அவசரம் தெரிவதில்லை. ஆனால் பல கடைகளிடம் ஓடும் கோப்பு மட்டுமே இருக்கும். மூல நிரல், எழுதியவரின் மடிக்கணினியில் இருக்கும். அவர் வேலை கிடைத்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட்டால், அடுத்து வருபவருக்கு ஒட்டுப்போடுவதைத் தவிர வேறு வழியே கிடையாது. ஆண்டுப் பராமரிப்புத் தொகை பேசும் அன்றே மூல நிரலின் பிரதியையும், அந்த ஆண்டில் என்னென்ன எதற்காக மாற்றப்பட்டன என்ற ஒரு பக்கக் குறிப்பையும் கேட்டு வாங்கி, பேக்கப் எடுக்கும் பென்டிரைவிலேயே சேர்த்து வைக்கலாம்.