உலோகத்தின் புகழும் காற்றின் பங்கும்

ஜெற் பொறியின் வரலாற்றைக் கூறும் எழுத்துக்களிலே இரண்டு கூற்றுக்கள் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. இன்றைய பொறியின் சுழலி அலகு தன் உருகுநிலையையும் கடந்த வெப்பத்தில் இயங்குகின்றது என்பது ஒன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியர் நல்ல உலோகத்தால் அலகு செய்தனர்; ஜேர்மனியர் உலோகத் தட்டுப்பாட்டால் உள்ளீடற்ற அலகுக்குள் காற்றைச் செலுத்திச் சமாளித்தனர் என்பது மற்றையது. இவை முழுப் பொய்யல்ல. ஆயினும் இரண்டிலும் ஒரே குறை காணப்படுகின்றது. பெருமை முழுவதையும் அவை உலோகத்துக்கே வழங்கிவிடுகின்றன; காற்றின் பங்கு கணக்கில் வருவதில்லை.

முதற் கூற்று முதலில் ஆராயத்தக்கது. பெரிய விமானப் பொறிகளின் தகன அறையிலிருந்து வெளிப்படும் வாயுவின் வெப்பநிலை இன்று 1500 பாகை செல்சியசையும் தாண்டுகின்றது. அலகு செய்யப்படும் நிக்கல் கலப்புலோகமோ ஏறத்தாழ 1300 பாகையளவில் உருகத் தொடங்கும். இவ்விரு எண்களையும் அருகருகே நிறுத்தியே அதிசயம் படைக்கப்படுகின்றது. உண்மையில் அலகின் உலோகம் வாயுவின் வெப்பநிலையை அடைவதேயில்லை. அதனை நெருங்க நேரின், உருகுவதற்கு நெடுமுன்னரே, மையநீக்க விசையால் இழுபட்டு அலகு மெல்ல மெல்ல நீண்டு முறிந்துவிடும். தவழ்வு எனப்படுவது இதுவே.

உலோகத்தை இந்நிலையிலிருந்து காப்பதில் தலையாய பங்கு காற்றமுக்கியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் காற்றினுடையது. அலகினுள்ளே வளைந்து செல்லும் வழிகளில் ஓடி அது வெப்பத்தை வாங்குகின்றது. பின்னர் மேற்பரப்பிலுள்ள நுண்துளைகளால் வெளியேறி, அலகுக்கும் வாயுவுக்கும் இடையே மெல்லிய திரையாகப் படர்கின்றது. இக்காற்றும் குளிர்ந்ததன்று. அமுக்கப்பட்டமையால் அதுவே பல நூறு பாகை வெப்பமுடையது. வாயுவோடு ஒப்பிடுகையிலேயே அது குளிர்ந்தது எனலாம்.

இரண்டாம் கூற்றின் குறை இன்னும் ஆழமானது. 1940களின் தொடக்கத்தில் பிரித்தானியருக்கு நிமோனிக் 80 என்னும் நிக்கல், குரோமியக் கலப்புலோகம் கிடைத்தது. ஜேர்மனியில் இவ்விரு மூலகங்களும் அரிதாயின. அன்செல்ம் பிரான்ஸ் தலைமையில் உருவான யூமோ 004 பொறியின் பிந்திய வடிவத்தில், தகட்டை மடித்துச் செய்த உள்ளீடற்ற அலகுகள் காற்றினாற் குளிரூட்டப்பட்டன. நிக்கலுக்குப் பதிலாக மங்கனீசு கலந்த குரோமடூர் என்னும் உருக்கும் பயன்பட்டது. இதனை ஏழையின் தந்திரம் என்று கூறிக் கடந்துவிடுவோர் பின்னர் நிகழ்ந்ததை நோக்குவதில்லை. 1960 இல் போயிங் 707 விமானத்தோடு பயணிகள் சேவைக்கு வந்த றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தின் கொன்வே பொறியில், நல்ல உலோகம் வைத்திருந்த பிரித்தானியரே தம் அலகினுள் காற்று வழிகளை அமைத்தனர். நல்ல உலோகமும் காற்றின் துணையை நாடவேண்டியதாயிற்று.

ஆயினும் இதனைக் கொண்டு எதிர்த்திசையில் மிகைப்படுத்துவதும் தவறாகும். வறுமையே அறிவைத் தந்தது என்று பாடுவோர், யூமோ பொறியின் ஆயுள் பெரும்பாலும் 10 முதல் 25 மணித்தியாலங்களே என்பதை மறைக்கின்றனர். அதன் உற்பத்தியில் வதைமுகாம் கைதிகளின் கட்டாய உழைப்பு கலந்திருந்ததையும் மறக்கின்றனர். பிற்காலக் குளிரூட்டல் முழுவதும் அவ்வலகிலிருந்து பிறந்ததுமன்று. பிரித்தானிய ஆய்வுகூடங்கள் தாமும் பல்லாண்டு முயன்றன. உலோகவியலும் உறங்கிக் கிடக்கவில்லை. தனிப் பளிங்காக வார்க்கப்பட்ட அலகுகள் 1980களில் பயணிகள் விமானங்களுக்கு வந்தன. வெப்பத்தைத் தடுக்கும் சிர்க்கோனியாப் பூச்சும் துணைசேர்ந்தது.

காற்றின் பணியைப் போற்றுவோர் அதன் விலையையும் சொல்லவேண்டும். அமுக்குவதற்கு வலுவைச் செலவிட்டுப் பெற்ற காற்று, தகன அறைக்குச் செல்லாது விலக்கப்படுகின்றது. சில பொறிகளில் இது உள்ளகக் காற்றின் ஐந்திலொரு பங்கை எட்டும். வெப்பநிலையை உயர்த்திப் பெற்ற ஆதாயத்தின் ஒரு பகுதி இவ்வாறு திரும்பச் செலவாகின்றது. மிகுதியாகச் செலுத்துவதாலும் பயனில்லை. துளையிலிருந்து வேகமாகப் பாயும் காற்று மேற்பரப்பை விட்டு எழுந்துவிட, அதன் அடியிற் சூடான வாயு புகுந்துவிடும். ஆகவே எவ்வளவு குறைந்த காற்றால் எவ்வளவு காக்கலாம் என்பதே வடிவமைப்போனின் வினா.

உருகுநிலையை வென்ற உலோகம் என்னும் கதை கேட்பதற்கு இனியது. ஆனால் அந்த வினாவை அது மாணவனின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றது. அதிசயத்தை மட்டும் கற்றவன் இன்னும் வலிய உலோகத்துக்காகக் காத்திருப்பான். கணக்கைக் கற்றவன் கையிலுள்ள உலோகத்தையும் காற்றையும் கொண்டு அடுத்த அலகை வரையத் தொடங்குவான்.