காணாத கண்ணீர்

தொண்டு நிறுவனங்கள் நன்கொடையாளர்க்கு அனுப்பும் பயன் அறிக்கைகளும் ஒருவகை இலக்கியமே. உதவி பெற்றவரின் வாழ்வு எவ்வாறு மாறிற்று என்பதே அவற்றின் கரு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், இக்கதைகளை எழுதும் பணியில் செயற்கை நுண்ணறிவும் புகுந்துள்ளது. களப்பணியாளரின் சிதறிய குறிப்புகளை அது நொடியில் கோவைப்படுத்தித் தருகிறது. எழுத்தரை அமர்த்த வசதியற்ற சிறு நிறுவனங்களுக்கு இது பேருதவி என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆயின், குறிப்பில் இல்லாததை அது என்ன செய்யும்? எவர்க்கும் பொருந்தும் சொற்களால் இட்டு நிரப்பும். 'தையல் இயந்திரம் பெற்றார்; கடனை அடைத்தார்' என்றொரு குறிப்பு இருப்பதாகக் கொள்வோம். அது 'கண்ணீர் மல்க நன்றி கூறினார்' என்று விரிந்துவிடும். அக்கண்ணீரைக் கண்டவர் யார்?

2021இல் கொலம்பியாவில் நடந்த போராட்டங்களை நினைவுகூர, ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலின் நார்வே கிளை 2023இல் செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்களைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டது. போராடியோரை அடையாளம் காட்டாமல் காப்பதே நோக்கம் என்றது. ஆனால் படத்தில் கொலம்பியக் கொடியின் நிறவரிசையே பிறழ்ந்திருந்தது. கண்டனம் எழவே படங்கள் நீக்கப்பட்டன. போராட்டம் மெய், அடக்குமுறை மெய், படம் மட்டும் பொய். அப்பொய், மெய்யையும் ஐயுறச் செய்தது.

பெயரை மறைக்கலாம், நிகழாததைப் படைத்தலாகாது. இயந்திரம் கோத்த கதையை உரியவரிடமே படித்துக் காட்டி, அவர் 'ஆம்' என்ற பின்னரே அனுப்புதல் வேண்டும். ஏழையின் வரலாறு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனை அழகுபடுத்தும் உரிமை நமக்கில்லை.