மூச்சும் குருதியும்: ஒரு மருத்துவ வெற்றி பற்றிய மதிப்பீடு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. குறைமாதக் குழந்தைகளுக்கு அளிக்கப்படும் சர்பக்டன்ற் சிகிச்சையின் கதையும் அவ்வாறே கூறப்பட்டு வந்துள்ளது. நுரையீரற் சிற்றறைகள் ஒடுங்கிவிடாது காக்கும் இப்பொருள், மூச்சுத்திணறி இறந்த இக்குழந்தைகளிடம் குறைவாயிருந்தமையை 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜெரே மீட்டும் எடுத்துக்காட்டினர். 1963இல் அமெரிக்க சனாதிபதி கென்னடியின் மகன் பற்றிக், பிறந்து இரண்டு நாட்கள் நிறைவுறுமுன்னரே இந்நோயால் இறந்தான். 1980இல் யப்பானில் ஃபுஜிவாரா குழுவினர் பத்துக் குழந்தைகளுக்கு இதனைச் சுவாசக்குழாய்வழி அளித்து நற்பயன் கண்டனர். பின்வந்த பரிசோதனைகள் இறப்புக் குறைவதை நிறுவின.

ஆயின் கதை நுரையீரலோடு முடிந்துவிடுவதில்லை. குருதியமுக்கம் ஏறி இறங்கும்போது தன் குருதியோட்டத்தைச் சீராகப் பேணும் ஆற்றலைக் குறைமாதக் குழந்தையின் மூளை முழுமையாகப் பெற்றிருப்பதில்லை. மூளையறைகளின் ஓரத்திலுள்ள மென்கலன்கள் எளிதில் வெடிக்கக்கூடியன. மருந்து செலுத்தப்படுகையில் சுவாசவழி சிறிது நேரம் தடைப்படலாம். காபனீரொட்சைட்டு உயர்ந்தால் மூளைக்கலன்கள் விரியும், குறைந்தால் சுருங்கும். எனவே மூளைக்கு ஊறு நேருமோ என்ற வினா நியாயமானதே.

இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளே திறனாய்வுக்குரியன. டொப்ளர் முறையில் ஆய்ந்தோருட் சிலர் குருதியோட்டம் கூடியதென்றனர், சிலர் குறைந்ததென்றனர். டொப்ளர் அளப்பதோ குருதியின் வேகத்தையேயன்றி அதன் கனவளவையன்று. கலனின் விட்டம் அறியப்படாவிடத்து வேகத்தையே அளவெனக் கொள்வது, ஆற்றின் அகலத்தை நோக்காது நீரின் விரைவு கொண்டு வெள்ளத்தைக் கணிப்பதற்கு ஒப்பாகும். மருந்தின் வகையும் செலுத்தும் விரைவும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டமையால் முடிவுகளை ஒப்பிடுதலும் அரிதாயிற்று.

இம்மாற்றங்கள் பெரும்பாலும் குறுங்காலத்தன. பெரும் பரிசோதனைகளைத் தொகுத்து நோக்குமிடத்து, மூளைக் குருதிப்பெருக்கு இச்சிகிச்சையால் மிகுந்ததாகத் தெரியவில்லை. ஆனால் இதனை ஆறுதலாக மட்டும் கொள்ளுதல் தகாது. அப்பெருக்குத் தெளிவாகக் குறையவுமில்லை. நுரையீரலை மீட்ட மருந்து, மூளையை அதே அளவிற் காக்கவில்லை என்பதே இதன் பொருள். மாறாக, லிகின்சும் ஹோவியும் 1972இல் வெளியிட்ட ஆய்வினை அடியொற்றி, பேற்றுக்கு முன் தாய்க்கு அளிக்கப்படும் ஸ்ரீரொயிட்டு மருந்து இறப்பையும் மூளைக் குருதிப்பெருக்கையும் ஒருங்கே குறைப்பது பின்னர் தெளிவாயிற்று.

ஆகவே, உறுப்புகளைத் தனித்தனியே நோக்கும் மதிப்பீட்டு முறையே இங்கு குறையுடையது. மருந்து செலுத்திய சில நிமிடங்களிற் பதிவாகும் குருதி வேகத்தைக் காட்டிலும், அக்குழந்தை சில ஆண்டுகளின் பின் நடக்கின்றதா, பேசுகின்றதா, கற்கின்றதா என்பதே ஏற்புடைய அளவுகோலாகும். அவ்வளவுகோல் கொண்டு நோக்கும்போதே இவ்வெற்றியின் உண்மையான பரிமாணம் புலப்படும்.