ரே கய்: கெஜக்கோலுக்கு அகப்படாத கலை

அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுக்குள் பத்துக் கெஜம் முன்னேறாவிட்டால், பந்து நின்ற இடத்திலேயே எதிரியின் வசமாகிவிடும். ஆகவே மூன்று முயற்சிகள் பலிக்காத பிறகு, இழக்கத்தான் வேண்டுமென்றால் நம் எல்லையருகே இழப்பதைவிட அவர்கள் எல்லையருகே இழப்பதே மேல் என்ற விவேகத்தோடு, பந்தைத் தொலைவுக்கு உதைத்தனுப்ப ஒருவரைக் களத்துக்கு அழைக்கிறார்கள். அவரே பண்ட்டர். தன் அணி தடுமாறிய வேளையில் மட்டுமே தோன்றுகிறவரை ரசிகர்கள் ஆரவாரத்தோடு வரவேற்பது அபூர்வம்.

இந்த எளிய ஸ்தானத்துக்குப் பெரும் கௌரவம் தேடித் தந்தவர், ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்து, தெற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் ஆடிய ரே கய். தொழில்முறை அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுத்துக்கொள்ளும் தேர்வில், 1973ஆம் வருஷம், ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணி அவரை முதற் சுற்றிலேயே, 23ஆவது வீரராக எடுத்துக்கொண்டது. பண்ட் உதைப்பதற்கென்றே ஒருவரை முதற் சுற்றில் எடுத்தது அதுவே முதல் தடவை. அந்தத் துணிவுக்குக் கைம்மாறாக, 1986 வரை பதினான்கு பருவங்களில், இடைவிடாமல் 207 ஆட்டங்களில் அவர் அதே அணிக்காகக் களமிறங்கினார்.

அவருடைய வித்தையின் ரகசியம் உயரத்தில் இருந்தது. தாழ்வாகப் பாய்ந்து ஐம்பது கெஜம் செல்லும் பந்து கணக்கேட்டில் பிரமாதமாகத் தோன்றும். ஆனால் அதைப் பிடிக்கிறவர், தம்மைத் தடுக்க வருவோர் இன்னும் தொலைவில் இருப்பதைக் கண்டு, இருபது கெஜம் திரும்பி ஓடிவிட்டால் லாபம் முப்பதுதான். அதற்கு மாறாக, நாற்பத்தைந்து கெஜமே சென்றாலும் ஆகாயத்தில் நெடுநேரம் நிலைத்து இறங்கும் பந்துக்குக் கீழே, அது வந்து சேருமுன்பே ரெய்டர்ஸ் வீரர்கள் சூழ்ந்து நிற்பார்கள். பிடிக்கிறவர் ஓடும் எண்ணத்தையே கைவிட வேண்டியதாகும். நட்சத்திர வீரர்கள் மோதும் புரோ பவுல் ஆட்டத்தில், 1976ஆம் வருஷம், நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம் அரங்கின் உச்சியிலிருந்து தொங்கிய காட்சித் திரையில் அவர் உதைத்த பந்து போய் மோதியது, அந்த உயரத்துக்குப் பிரத்தியட்ச சாட்சி.

உயரத்தோடு நிதானமும் அவரிடம் சேர்ந்திருந்தது. எதிரிகள் பாய்ந்து வரும் சில விநாடிகளுக்குள் பந்தை வாங்கி, அமைத்து, உதைத்தாக வேண்டிய நெருக்கடியில், அவர் உதைத்த 1,049 பண்ட்டுகளில் தடுக்கப்பட்டவை மூன்றே. 1984 ஜனவரியில் வாஷிங்டன் அணியை எதிர்த்து ஆடிய சூப்பர் பவுல் என்னும் சாம்பியன் பட்ட இறுதியாட்டத்தில், தலைக்கு மேலே தவறிப் பறந்த பந்தை அவர் எம்பி ஒற்றைக் கையால் பற்றி, தரையில் காலூன்றியதும் சிறிதும் பதறாமல் உதைத்தனுப்பினார். அன்று ரெய்டர்ஸ் 38-9 என்று வென்றது. அவருக்கு அது மூன்றாவது சூப்பர் பவுல் வெற்றி.

இத்தனைக்கும் பிறகு, கேன்டன் நகரத்துத் தொழில்முறைக் கால்பந்தாட்டப் புகழ் மண்டபத்தின் கதவு அவருக்கு 2014 வரை திறக்கவில்லை. அவருடைய சராசரியான 42.4 கெஜத்தைப் பின்வந்தோர் பலர் கடந்துவிட்டார்கள் என்பது மெய்யே. ஆயினும் சராசரித் தூரம், பந்து எத்தனை விநாடி வானில் நின்றது என்பதையோ, எதிரியின் எத்தனை ஓட்டங்கள் தொடங்குமுன்பே ஒடுங்கின என்பதையோ சொல்வதில்லை. நிகழாமற்போன நஷ்டத்தையும் ஆட்டக்காரரின் வரவில் எழுதக் கற்காதவரை நம் மதிப்பீடு அரைகுறையாகவே இருக்கும். பண்ட்டராக மட்டுமே ஆடி அம்மண்டபத்தில் முதன்முதலாக இடம்பெற்றவர் அவரே. 2022இல் காலமாவதற்கு முன் அந்த நியாயத்தைத் தம் கண்ணாலேயே அவர் கண்டது, அவரைக் காட்டிலும் ஆட்டத்துக்கே பெருமை.