கதவு முதலில் கதவாக இருக்கட்டும்

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் குறியீடு புரியாது என்ற பேச்சு சிறார் இலக்கிய வட்டாரத்தில் இப்போது பரவலாகிவிட்டது. பயிலரங்குகளில் சொல்கிறார்கள், முன்னுரைகளில் எழுதுகிறார்கள். அதனால் கதைக்குள் வரும் பொம்மையும் பறவையும் தாங்கள் எதற்காக வந்திருக்கிறோம் என்பதைத் தாங்களே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. அதுவும் போதாமல் கதை முடிந்ததும் ‘கலந்துரையாடுக’ என்று நான்கு கேள்விகள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை இதைவிடக் குறைத்து மதிப்பிட முடியாது. தமிழில் இதுவரை எழுதப்பட்ட கதைகளே இந்தப் பேச்சுக்கு எதிர்ச்சாட்சி.

பழைய கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். சொல்லாமல் சொல்வதற்கு உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் இலக்கணம் வகுத்தது தொல்காப்பியம். குறுந்தொகையில் கபிலர் பாடிய இருபத்தைந்தாம் பாட்டில், தலைவனும் தலைவியும் கூடிய இடத்தில் சாட்சியாக இருந்தது ஒரே ஒரு குருகு. அதுவும் ஆரல் மீனுக்காகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்தக் குருகு எதைக் குறிக்கிறது என்று கபிலர் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. சங்கப் பாட்டு பெரியவர்களுக்கானது என்று ஒதுக்கினால், பாட்டி சொன்ன கதை இருக்கிறது. ஏழு மலை, ஏழு கடல் தாண்டி ஒரு மரப்பொந்தில் இருக்கும் கிளிக்குள் அரக்கனின் உயிர் இருக்கும். உலகெங்கும் இந்தக் கதைக்கூறு உண்டு. ஸ்டித் தாம்ப்சன் தம் அட்டவணையில் இதற்கு ஈ710 என்று எண் கொடுத்திருக்கிறார். எண் தெரியாத ஆறு வயதுப் பிள்ளைக்கும், கிளியின் கழுத்தில் கை வைத்தால் அரக்கன் துடிப்பான் என்று தெரியும். ஒரு பொருளுக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கும் என்ற அறிவை அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே பெற்றுவிடுகிறது.

அச்சு வந்த பிறகுதான் பாதை மாறியது. தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் 1826இல் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து பள்ளிக்கூட வாசகங்கள் வந்தன; நீதி கதையின் வாலாக ஒட்டிக்கொண்டது. நரி வந்தால் தந்திரம், சிங்கம் வந்தால் அகந்தை என்று விலங்குகளுக்கு நிரந்தர வேலை கொடுக்கப்பட்டது. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவும் இந்தப் பழக்கத்தை முழுக்க விடவில்லை. ஆனாலும் அதன் வேதாளக் கதை ஒன்றைச் சரியாகச் செய்தது: பதிலைத் தருவதற்கு முன் கேள்வியைப் பிள்ளையிடம் கொடுத்தது. விக்கிரமன் வாய் திறப்பதற்குள் தன் பதிலைச் சொல்லிப் பார்க்காத பிள்ளை அந்தத் தலைமுறையில் இருந்திருக்காது.

1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவானது. அழ. வள்ளியப்பாவும் அவர் தோழர்களும் பட்ட பாட்டுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆர்வி நடத்திய ‘கண்ணன்’, பின்னால் வாண்டுமாமாவின் ‘பூந்தளிர்’ என்று வாசிப்புப் பழக்கமே அவர்களால்தான் வந்தது. பிள்ளைக்குத் தமிழைத் தித்திக்கச் செய்தார்கள். ஆனால் அவர்கள் கதைகளில் நல்லது கெட்டது இரண்டும் பட்டப்பகல்போலத் தெளிவாக இருந்தன. தொலைந்த பொருள் கிடைத்துவிடும், திருடன் அகப்படுவான். கிடைத்த பொருளுக்கு அதற்கு மேல் கதையில் வேலை இருக்காது.

அதே காலத்தில் இன்னோர் இடத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல். 1923இல் அங்கே பிறந்த இருவர், கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும், பிள்ளைகளைப் பற்றி எழுதிய கதைகளைச் சிறார் இலக்கிய வரலாறுகள் தங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘குழந்தைகளுக்காக’ எழுதியவையல்ல என்பது காரணமாம். இந்தப் பிரிவினைதான் நமக்குப் பெரிய நஷ்டத்தை உண்டாக்கியது.

‘ராஜா வந்திருக்கிறார்’ என்ற அழகிரிசாமியின் கதையை எடுத்துக்கொள்வோம். ஆரம்பமே பிள்ளைகள் பெருமையடிப்பதில்தான். வசதியான வீட்டு ராமசாமியிடம் சில்க் சட்டை இருக்கிறது. செல்லையாவிடமும் தம்பையாவிடமும் இல்லை. அவர்களுடைய தங்கை மங்கம்மாள் விடாமல் வாயாடுகிறாள். இங்கே சட்டை வெறும் சட்டை, போட்டியில் ஒரு காய். பிறகு தீபாவளி நெருங்குகிறது. இவர்களுடைய அம்மா தாயம்மாளின் வீட்டில் புதுத்துணி என்பது எண்ணி எண்ணி வாங்கியது. தனக்கென்று அவள் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில்தான் எச்சில் இலைக்கு வந்து நிற்கிறான் உடம்பெல்லாம் சிரங்கோடு ஓர் அநாதைப் பையன். உடுத்த ஒன்றும் இல்லாதவன். பெயர் ராஜா. தாயம்மாள் தன் பிள்ளைகளோடு அவனையும் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். கணவனுக்கென்று வாங்கி வைத்த துண்டு அவன் இடுப்புக்குப் போகிறது. ராமசாமி வீட்டுக்கு அவன் அக்காளைக் கட்டிய ஜமீன் ராஜா தீபாவளிக்கு வருகிறார். தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதை மங்கம்மாள் பெருமையோடு அறிவிக்கிறாள்.

சில்க் சட்டை, எண்ணி வாங்கிய புதுத்துணி, துணியே இல்லாத உடம்பு, இடம் மாறிய துண்டு என்று கதை நெடுக உடுப்பு வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதன் எடை கூடுகிறது. அழகிரிசாமி எங்கும் நின்று ஏழ்மை என்றோ கருணை என்றோ சொற்பொழிவு செய்வதில்லை. மங்கம்மாளுக்கு அது கருணையாகவே தெரியவில்லை. ராமசாமியை ஜெயிக்க அவளுக்கு ஒரு காய் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். கதையின் மையக்கருத்து பிள்ளைப் போட்டிக்குள்ளேயே பிறந்துவிடுகிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியாதென்றால் வேறு யாருக்குப் புரியும்? அந்தப் போட்டியை நேற்று மாலைகூட அது ஆடியிருக்குமே.

கி.ரா.வின் ‘கதவு’ இன்னும் இறுக்கமானது. லட்சுமியும் சீனிவாசனும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் ஏறி ஆடுகிற கதவு அது. கதவுதான் அவர்களுக்குப் பஸ். அது திருநெல்வேலிக்குப் போகிறது, டிக்கெட்டும் கொடுக்கப்படுகிறது. சீனிவாசன் கொண்டுவந்த தீப்பெட்டிப் படத்தை அதில் ஒட்டுகிறார்கள். வேலை தேடிப் போன அப்பாவிடமிருந்து கடிதம் இல்லை. தீர்வை பாக்கிக்காகத் தலையாரி வந்து அந்தக் கதவையே கழற்றித் தூக்கிக்கொண்டு போகிறான். குளிர் உள்ளே வருகிறது. கைக்குழந்தை இறந்துபோகிறது. பின்னொரு நாள் சாவடியில் அந்தக் கதவைப் பார்த்துவிடுகிறான் சீனிவாசன். அக்காளை அழைத்துக்கொண்டு ஓடுகிறான். இருவரும் அதை விடாமல் பற்றிக்கொள்கிறார்கள். அங்கேயே கதை நிற்கிறது.

கவனிக்க வேண்டியது வரிசை. கி.ரா. முதலில் கதவை விளையாட்டுச் சாமானாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறார், படம் ஒட்டி அவர்களுடையதாக்குகிறார், அதன்பிறகே பறிக்கிறார். பறிபோகும்போது அது மானமாக, பாதுகாப்பாக, அப்பா இல்லாத வீட்டின் கடைசிக் காவலாக ஆகிவிட்டதை வாசகர் தானாக உணர்கிறார். விளையாட்டுப் பகுதியைச் சுருக்கிவிட்டுச் சோகத்தை மட்டும் வைத்தால் இந்தக் கதையில் குறியீடே இருக்காது.

இந்த வரிசைக்கு அக்காலத்தில் துணை நின்ற கதைகள் இன்னும் உண்டு. தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ கதையில் கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிற சிறுமியிடம் ரயிலில் வந்த சின்னப் பையன் கொடுக்கும் ஆரஞ்சுப் பழம். அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையில் சாரங்கன் தானே கொண்டுவந்து நீட்டும் டைரி. மொழிபெயர்ப்பில் வந்து நம் பிள்ளைகள் கையில் சேர்ந்த ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ நூலில் குன்றின்மேல் நிற்கும் இரண்டு பாப்லர் மரங்கள். எல்லாம் முதலில் பழம், டைரி, மரம்.

இன்றைய நிலைக்கு வருவோம். சாகித்திய அகாதெமி 2010இல் பால சாகித்திய புரஸ்கார் விருதைத் தொடங்கிய பிறகு சிறார் நூல்களுக்கு ஒரு கவுரவம் வந்திருக்கிறது. முன்பு வாய்திறக்கத் தயங்கிய விஷயங்களை எழுத்தாளர்கள் தொடுகிறார்கள். அதை மனமாரப் பாராட்டுகிறேன். 2020இல் விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பாலியல் சீண்டலைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசிய துணிவான, தேவையான நூல். எத்தனையோ வீடுகளுக்கு அது உதவியிருக்கும். ஆனால் அதில் மரப்பாச்சி உயிர் பெற்றுப் பேசுகிறது, வழிகாட்டுகிறது. அது நல்ல ஆலோசகர். குறியீடாக இருப்பதற்கு அதற்கு நேரமில்லை. உமா மகேஸ்வரியின் ‘மரப்பாச்சி’ சிறுகதையைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அங்கேயும் வளரும் ஒரு சிறுமி, அனு; அவள் கையில் மரப்பாச்சி. அது அறிவுரை சொல்வதில்லை. அனுவின் உடலும் மனமும் மாற மாற அவள் கண்ணில் பொம்மை மாறிக்கொண்டே வருகிறது. முதல் நூல் பிள்ளையைக் காக்கிறது. இரண்டாவது கதை பிள்ளைக்குத் தன்னையே காட்டுகிறது. இரண்டும் வேண்டும். முதல் வகையை மட்டும் சிறார் இலக்கியம் என்று அழைத்து, அதன் சொல்முறையை எல்லாக் கதைக்கும் விதியாக்குவதைத்தான் எதிர்க்கிறேன். இரா. நடராசனின் ‘ஆயிஷா’ விழிப்புணர்வுக் கதைதான். ஆனாலும் ஓர் அறிவியல் நூலுக்கு ஆசிரியை எழுதும் முன்னுரையாக அது அமைந்திருப்பதால், மாணவி ஆயிஷாவின் கேள்விகளுக்கு என்ன ஆயிற்று என்பதை அந்த வடிவமே சொல்லிவிடுகிறது. நோக்கம் இருப்பது குறையில்லை, அவசரம்தான் குறை.

வகுப்பறை இந்த அவசரத்தை இரட்டிப்பாக்குகிறது. விரிவானத்தில் கதை வருகிறது. ஆசிரியர் பாடம் தொடங்கும்போதே மையக்கருத்தைக் கரும்பலகையில் எழுதிவிடுகிறார். பிறகு குறியீடு எது என்று கேட்கிறார். நோட்ஸில் பதில் தயாராக இருக்கிறது: கதவு பாதுகாப்பைக் குறிக்கிறது, இரண்டு மதிப்பெண். பிள்ளை கதைக்குள் நடந்துபோய்ச் சேர வேண்டிய இடத்தில் அதை முதலிலேயே இறக்கிவிட்டு, வழியைப் பற்றி வினா கேட்கிறோம்.

வரிசையைத் திருப்பிப் போட்டால் போதும். கதவு எதைக் குறிக்கிறது என்ற கேள்வியைக் கடைசிவரை கேட்க வேண்டாம். கதையில் கதவு எத்தனை இடங்களில் வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு இடத்திலும் அதன்மேல் யார் கை இருக்கிறது என்று கேளுங்கள். முதலில் ஆடுகிற பிள்ளைகளின் கை, அடுத்துப் படம் ஒட்டும் கை, பிறகு கழற்றுகிற தலையாரியின் கை, முடிவில் மறுபடியும் பிள்ளைகளின் கை. இந்தப் பட்டியலைத் தானே எழுதிய பிள்ளைக்கு மீள வரும் கூறு என்றால் என்ன, குறியீடு என்றால் என்ன, மையக்கருத்து எங்கிருந்து எழுகிறது என்று மூன்றையும் தனித்தனியாக விளக்க வேண்டியதில்லை. பிள்ளை சொல்லும் பொருள் நோட்ஸில் உள்ளதோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். கதையிலிருந்து சான்று காட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். காட்டினால் மதிப்பெண் கொடுங்கள்.

பாடநூல் தயாரிப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ‘ராஜா வந்திருக்கிறார்’, ‘கதவு’ போன்ற கதைகளை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குத் தரும்போது சுருக்காமல் முழுதாகத் தாருங்கள். பிள்ளைகள் விளையாடும் பகுதியில் ஒரு வரியைக்கூட வெட்டாதீர்கள். கதைக்கு மேலே கருத்துப் பெட்டி வேண்டாம்.