லுங், ரியூ, நாகம்: தமிழ்ப் பெயர்ப்பில் ஒரு பொருள் மயக்கம்

0. முன்னுரை

சீன, ஜப்பானிய நாட்டுப்புறக் கதைகளையும் விழாக்களையும் தமிழில் தருவோர் ஒரு சொல்லில் இடறுகின்றனர். சீனர் 'லுங்' என்றும் ஜப்பானியர் 'ரியூ' என்றும் வழங்கும் தொன்ம உயிரி, ஆங்கிலத்தின் வழியே வரும்போது தமிழில் 'டிராகன்' என்றோ 'வலுசர்ப்பம்' என்றோ ஆகிவிடுகிறது. இப்பெயர்ப்புகள் மூலப்பொருளை எவ்வாறு திரிக்கின்றன என்பதையும் அதற்குரிய மாற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. சொல்லும் சுமையும்

ஐரோப்பியக் கதைகளின் டிராகன் பெரும்பாலும் நெருப்பை உமிழ்வது, புதையலைக் காப்பது, வீரனொருவனால் கொல்லப்படுவது. 'வலுசர்ப்பம்' தமிழ் விவிலியத்தின் இறுதி நூலில் சாத்தானைக் குறிக்கும் சொல். லுங் இவற்றினின்று வேறானது. அது நீருக்குரியது, மழை தருவது, பேரரசரின் சின்னமாக விளங்கியது.

சீனப் புத்தாண்டின் முதல் மாதம் 15ஆம் நாள் விளக்கு விழா. அவ்விழாவில் லுங் உருவைக் கழிகளில் தாங்கி, ஒரு முத்தினைத் துரத்தி ஓடுமாறு ஆட்டுவர். இதனை 'வலுசர்ப்ப ஆட்டம்' எனப் பெயர்த்தால், மக்கள் தீமையைக் கொண்டாடுகின்றனர் என்றே வாசகர் கொள்வர். இம்மயக்கம் சீனராலும் உணரப்பட்டதே. 2024ஆம் ஆண்டு லுங் ஆண்டாக அமைந்தபோது, சீன அரசு ஊடகங்கள் தம் ஆங்கிலச் செய்திகளிலும் 'டிராகன்' என்பதைத் தவிர்த்துச் சீனச் சொல்லின் ஒலிபெயர்ப்பை ஆண்டமை கருதத்தக்கது.

2. நாகம் சென்ற வழி

பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தோர் வடமொழியின் 'நாக' என்னும் சொல்லுக்கு 'லுங்' என்பதையே ஆண்டனர். நாகார்ச்சுனரின் சீனப் பெயர் 'லுங்ஷு'. அதாவது 'லுங் மரம்'. கி.பி. 406இல் குமாரசீவர் பெயர்த்த சத்தர்ம புண்டரீக சூத்திரத்தில் எட்டு நாகராசர்கள் 'லுங்வாங்' எனப்படுகின்றனர். 'வாங்' என்பது அரசன். ஜப்பானில் இது 'ரியூஓ' ஆயிற்று. அவ்வெண்மருள் வாசுகியும் தட்சகனும் உளர். ஆங்கிலம்வழிப் பெயர்ப்போர் 'டிராகன் அரசன் வாசுகி' என எழுத நேர்ந்தால், நம்மிடமிருந்து சென்ற ஒருவனை நாமே அடையாளம் காணாதவராவோம்.

3. விழாக்கள் தரும் சான்று

நாகசாகி நகரில் அக்டோபர் 7 முதல் 9 வரை நிகழும் குஞ்சி விழாவின் ஆட்டங்களுள் ஒன்று 'ஜா ஓதோரி'. அந்நகரில் வாழ்ந்த சீனர் வழியே வந்தது இது. இப்பெயரை ரியூவுக்குரிய எழுத்தால் எழுதுகின்றனர். ஆனால் பாம்பைக் குறிக்கும் 'ஜா' என்ற ஒலியால் படிக்கின்றனர். எழுத்து ஒன்றையும் ஒலி மற்றொன்றையும் சுட்ட, இரண்டும் ஒரே உருவில் பொருந்துகின்றன.

சைத்தாமாப் பகதியில் நான்காண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் சுனேஓரி மழைவேண்டல் விழா இன்னும் தெளிவான சான்று. மூங்கிலாலும் வைக்கோலாலும் 36 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 3 டன் எடையும் கொண்ட உருவம் சமைக்கப்படுகிறது. அதன் பெயர் 'ரியூஜா'; ரியூவும் பாம்பும் இணைந்த தொகைச்சொல். கோயிலில் உயிரேற்றும் சடங்கு முடிந்தபின் அது 'ரியூஜின்', அதாவது ரியூ தெய்வம் எனப்படுகிறது. ஏறத்தாழ 300 பேர் அதனைச் சுமந்து ஊர்வலமாகச் சென்று குளத்தில் இறக்குகின்றனர். ஒரே உருவம் ஒரே நாளில் பெயர் மாறுகிறது. இங்கு ஒற்றைத் தமிழ்ச்சொல்லை இருமுறையும் ஆண்டால் சடங்கின் பொருளே மறைந்துவிடும்.

4. முடிவுரை

அவ்வாறாயின் எங்கும் 'நாகம்' என்றே எழுதலாமே எனின், அதுவும் பொருந்தாது. தமிழ் வாசகர் மனத்தில் நாகம் படமெடுக்கும் பாம்பு. லுங்கிற்குக் கொம்பும் நான்கு கால்களும் உகிர்களும் உண்டு. கோயில் தூண்களின் யாளியோ சிம்ம உடலினது. நீரோடும் மழையோடும் அதற்குத் தொடர்பில்லை.

எனவே மூலத்தின் வரலாறே சொல்லைத் தெரிவு செய்தல் வேண்டும். பௌத்த மரபில் வரும் அரசர்க்கு 'நாகராசன்' என்பதே உரியது. விழா, ஊர்வலம், நாட்டுப்புறக் கதை ஆகியவற்றில் 'லுங்', 'ரியூ' என்னும் மூலச்சொற்களை முதலிடத்தில் ஒரு விளக்கத்துடன் ஆளலாம். 'டிராகன்' ஐரோப்பியக் கதைகளுக்கும் 'வலுசர்ப்பம்' விவிலியத்திற்கும் உரியனவாகட்டும். செய்தித்தாள்களில் 'டிராகன் ஆண்டு' வேரூன்றிவிட்டது என்பது உண்மை. வழக்கை மதிப்பது பெயர்ப்பாளர் கடமையே. ஆயினும் மழை வேண்டிச் சுமக்கும் தெய்வத்தை அரக்கனாக்கும் வழக்கிற்கு அவர் கட்டுப்பட வேண்டியதில்லை.